எனாமல் கிண்ணமும் மெலமைன் கிண்ணமும்

பள்ளிவாசல் ஊர்க்காரர்களுக்குப் பாத்திரம் வாங்க மூணாறு பஜார்தான் பக்கம். தேயிலைத் தோட்டத்து லயங்களில் அன்றாடம் புழங்குவது எவர்சில்வர். விருந்தாள் வரும்போதுதான் மனசு நிறம் தேடும். அப்போது கையில் எடுத்துப் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு: எனாமல், மெலமைன். பார்வைக்கு இரண்டுமே பீங்கான் போல மினுங்கும்; இரண்டுமே பீங்கான் இல்லை.

எனாமல் என்பது உள்ளே இரும்புத் தகடு, மேலே கண்ணாடி. கண்ணாடித் தூளைத் தகட்டில் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்ட வைக்கிறார்கள். மெலமைன் ஒரு பிளாஸ்டிக். மெலமைனும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின் தூளைச் சூடான அச்சில் அழுத்தி எடுப்பது. அதிலுள்ள பூவும் கொடியும் பிசினில் ஊறிய தாளில் அச்சடித்து, அதே அச்சில் பதித்தவை. கீழே விழுந்தால் எனாமல் சில்லு பெயரும், பெயர்ந்த இடம் துருப்பிடிக்கும். மெலமைன் பெரும்பாலும் தப்பிவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஜெயிப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆனால் கிண்ணத்தை அதில் பரிமாறும் பழத்தோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும். இந்த மலையில் எளிய இனிப்பு என்றால் வட்டவடை, காந்தலூர் பக்கத்து ஸ்ட்ராபெர்ரியும் பேஷன் ஃப்ரூட்டும்தான். ஸ்ட்ராபெர்ரியை நறுக்கிச் சீனி தூவி அரைமணி நேரம் மூடி வைத்தால், சீனி பழத்தின் சாற்றை வெளியே இழுத்துவிடும். தனியாகப் பாகு காய்ச்ச வேண்டாம். அதனால் தட்டைத் தட்டு உதவாது, குழிந்த கிண்ணம்தான் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் ஸ்ட்ராபெர்ரிக்கு வேண்டாம் என்பேன், சிவப்பைக் கறுக்கடித்துவிடும். வெல்லத்துக்குரிய ஜோடி, நறுக்கிய வாழைப்பழமும் அதன்மேல் விட்ட பேஷன் ஃப்ரூட் சாறும். வெல்லத்தைப் பாகாக்கிச் சூட்டோடு ஊற்றினால் ருசி இன்னும் ஏறும்.

அந்தச் சூட்டில்தான் மெலமைன் தோற்கிறது. சூடும் புளிப்பும் சேரும்போது பிசினிலிருந்து மெலமைனும் பார்மால்டிஹைடும் உணவில் இறங்கக்கூடும். 70 டிகிரிக்கு மேல் சூடான பண்டத்துக்கு அந்தப் பாத்திரம் வேண்டாம் என்பது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்லும் அறிவுரை. கொதிக்கும் வெல்லப்பாகு 100 டிகிரியைத் தாண்டியது. பேஷன் ஃப்ரூட்டோ நல்ல புளிப்பு. குளிர்ந்த ஸ்ட்ராபெர்ரிக்கு மெலமைன் போதும், கீறல் விழாமல் இருக்கும்வரை. கம்பி நாரைப் போட்டுத் தேய்ப்பவர்கள் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

எனாமலுக்கு இந்தப் பயம் இல்லை. அதற்கு வேறொரு பயம் உண்டு. பளீர் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம் சேர்ப்பது பழைய வழக்கம். சில பூச்சுகளில் ஈயமும் இருந்தது. புளிப்பு இவற்றைக் கரைத்து இழுக்கும். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் நகரத்தார் வீடுகளிலிருந்து வந்த ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா எனாமல் கிண்ணங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். அழகுக்குக் குறைவே இல்லை. ஆசைப்பட்டு வாங்குங்கள், சுவரில் மாட்டுங்கள். பழம் பரிமாற எடுக்காதீர்கள்.

கண்ணுக்கும் ஒரு நியாயம் உண்டு. மெலமைன் கிண்ணத்தின் பூக்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். சிவந்த பழத்தை அதில் போட்டால் பழம் எது, பூ எது என்று தேட வேண்டியதுதான். உள்ளே வெள்ளை, வெளியே நீலமோ பச்சையோ உள்ள எனாமல் கிண்ணத்தில் அதே பழம் எடுப்பாகத் தெரியும்.

ஆக, என் ஓட்டு எனாமலுக்கு: புதிதாக, உணவுக்கென்றே செய்தது, உட்புறம் வெள்ளை. வாங்கும்போது விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் வேறு கேளுங்கள்.