அஞ்சடியும் கிட்டங்கியும்

வாலிநோக்கம், கீழக்கரை, தொண்டி எனக் கடலை நம்பிய ஊர்கள் இராமநாதபுரக் கரை நெடுகிலும் உண்டு. கடல் கடந்து பிழைக்கப் போனவரை இப்பக்கத்து முஸ்லிம்கள் ‘சபுராளி’ என்பார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கியவர்களுக்குக் கடைவீதியில் நிழல் தந்தது அஞ்சடி.

அங்கத்துக் கடைவீடுகளில் கீழே கடை, மாடியில் குடித்தனம். பக்கத்துக் கடையோடு பொதுச்சுவர். குறுக்கே போட மர உத்தரம் எவ்வளவு நீளம் கிடைத்ததோ அவ்வளவுதான் வீட்டின் அகலம். மீதி எல்லாம் பின்னோக்கி நீளும். நடுவே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு திறந்த முற்றம். 1822இல் சிங்கப்பூர் நகரை வகுத்த ராஃபிள்ஸ், செங்கல்லும் ஓடுமாகக் கட்டும் ஒவ்வொரு வீடும் தெருப்பக்கம் தாழ்வாரம் விடவேண்டும், அது தெரு முழுக்கத் தொடர்ந்து திறந்தே இருக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். மலாய்க்காரர்கள் அதைக் ‘காக்கி லீமா’ என்றார்கள். நம்மவர்களுக்கு அஞ்சடி.

நம்மூர்த் திண்ணையில் வழிப்போக்கர் உட்காருவது வீட்டுக்காரரின் பெருந்தன்மை. அஞ்சடியில் நடப்பது ஊராரின் உரிமை. ஆனாலும் மனிதர்கள் அதைத் திண்ணையாகவே பாவித்தார்கள்: வெற்றிலைக் கடை, பத்திரிகைக் கடை, பூக்கடை, கிளி ஜோசியம். 1888 பிப்ரவரியில் அங்கே பரப்பியிருந்த சரக்குகளை அகற்ற சிங்கப்பூர் நகராட்சி இறங்கியபோது கடைகள் அடைக்கப்பட்டு, கலவரமே மூண்டது. பிழைப்பு அந்த ஐந்தடிக்குள் இருந்தது.

இதே கடைவீட்டை நகரத்தார் வேறுவிதமாக ஆண்டார்கள். செட்டிநாட்டின் பெரும்பகுதியும் பழைய இராமநாதபுரம் மாவட்டம்தான். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல விலாசங்கள், அதாவது பல வட்டிக்கடைகள். தரையில் உட்கார்ந்து கணக்கெழுத ஒரு மேசைப்பெட்டி, பக்கத்தில் இரும்புப்பெட்டி; ஒருவருடைய இடம் அவ்வளவே. பகலில் வட்டிக்கடை, இரவில் அங்கேயே படுக்கை. சமையல் பொது, குடும்பம் ஊரில். காரைக்குடியில் ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக வீடு கட்டியவர்கள், அதற்கான பணத்தைப் பாய் அகல இடத்தில் உட்கார்ந்து ஈட்டினார்கள். அரண்மனை வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் பாயைப் பற்றியும் யாராவது சொல்லவேண்டும்.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் இடிபட்டன. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது 1989இல்; கிட்டங்கிகளுக்கு அது தாமதம். அஞ்சடி பிழைத்துக்கொண்டது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் இன்றும் அதன் நிழலில்தான் மல்லிகை கட்டுகிறார்கள்.