அப்பாவின் மாத்திரை டப்பாவும் அபின் சட்டமும்

ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ கிளம்புகிறார்கள் என்றால் தொலைபேசிப் பேச்சில் முக்கால்வாசி பெட்டியின் எடையைப் பற்றித்தான் இருக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் எத்தனை பாக்கெட், தேங்காய் எண்ணெய் வேண்டுமா வேண்டாமா, ஊறுகாய் கசியுமா கசியாதா. மாத்திரை விஷயம் கடைசியில்தான் வரும். "அதெல்லாம் மூணு மாசத்துக்கு வாங்கியாச்சு மக்கா. அட்டையெல்லாம் பிரிச்சு ஒரு டப்பாவுல போட்டாச்சு, எடம் மிச்சம்."

அந்த டப்பாவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அட்டையில் இருக்கும்வரை அது மருந்து. பெயரில்லாத டப்பாவுக்குப் போய்விட்டால், சுங்க அதிகாரியின் கண்ணுக்கு வெறும் வெள்ளை வில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஓர் அதிகாரி ஏன் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்? இதற்குப் பதில் தேடிப் போனால் நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது. வழியில் திருவனந்தபுரமும் வருகிறது.

எங்கள் நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு விமான நிலையம் என்றாலே திருவனந்தபுரம்தான். சென்னை எங்கேயோ கிடக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துக்காரர்கள்தானே. மாநில எல்லை மாறியும் பழக்கம் மாறவில்லை. இதயக் கோளாறு என்றால் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், புற்றுநோய் என்றால் 1981ல் தொடங்கிய ஆர்.சி.சி. விமான நிலையம் 1991ல் சர்வதேச நிலையமானது. ஆக, மருந்துச் சீட்டு எழுதுகிற ஊரும் விமானம் ஏற்றிவிடுகிற ஊரும் ஒன்றேதான்.

எல்லா மருந்துக்கும் ஒரே வில்லங்கம் இல்லை. சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான செயற்கை இதய வால்வு முதன்முதலாக 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அன்றைக்கு இறக்குமதி வால்வின் விலை நம்மவர்களுக்கு எட்டாக்கனி. இந்த மாதிரி வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். நம்மூரில் பலருக்கு எழுதப்படுவது அசிட்ரோம். அமெரிக்க மருந்துக் கடைகளில் அது கிடையாது, அங்கே வார்ஃபரின். கொண்டுவந்தது தீர்ந்துபோனால் டாக்டரைப் பார்த்து, ரத்தம் சோதித்து, புது மருந்துக்குப் புது அளவு பிடிக்க வேண்டும். தொல்லைதான், ஆனால் யாரும் கைவிலங்கு மாட்டப் போவதில்லை.

கைவிலங்கு வரைக்கும் போகக்கூடிய மருந்துகள் வேறு. வலி, இருமல், தூக்கம், பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்துகளில் சில. இவற்றில் பலவற்றின் வம்சாவளியைத் தேடினால் அபினில் போய் நிற்கும்.

அபின் ஒரு காலத்தில் யாரும் வெட்கப்படாத சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டு சீனாவுக்குப் போகும் வியாபாரத்தில் கொழித்தது. காஜிப்பூரில் 1820ல் தொடங்கிய அபின் தொழிற்சாலை இன்றும் அரசுத் தொழிற்சாலைதான். கிராமத்தில் வயிற்றுப்போக்குக்கும் மூட்டுவலிக்கும் கடுகளவு அபின் கொடுத்த பாட்டிகள் உண்டு. சீனாவின் சீரழிவைப் பார்த்து உலகம் விழித்துக்கொண்டு, 1909ல் ஷாங்காயில் கூடி, 1912ல் ஹேக் நகரில் முதல் சர்வதேச அபின் ஒப்பந்தத்தைப் போட்டது. அபினில் இருந்து வரும் மார்ஃபின் போன்றவை இனி மருத்துவத்துக்கும் முறையான தேவைக்கும் மட்டும் என்பது அதன் சாரம்.

கவனித்தீர்களா? பொருள் மாறவில்லை. டாக்டர் சீட்டு இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் கடத்தல் சரக்கு. நம் டப்பா மாட்டிக்கொள்வது இங்கேதான். அதன் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவில் 1930ல் அபாயகர மருந்துகள் சட்டம், 1961ல் ஐ.நா.வின் ஒருங்கிணைந்த ஒப்பந்தம், தூக்க மாத்திரை வகைகளுக்காக 1971ல் இன்னொன்று. கடைசியில் 1985ல் இந்தியாவின் என்.டி.பி.எஸ். சட்டம்.

இந்தக் கடைசிச் சட்டத்தால் பட்டது கடத்தல்காரன் மட்டுமல்ல. சட்டபூர்வமாக அபின் பிசினை ஏற்றுமதிக்கு விளைவிக்கும் ஒரே நாடு இந்தியா. உலக மருத்துவமனைகளுக்கு மூலப்பொருள் நம் வயலில் இருந்து போகிறது. அப்படிப்பட்ட நாட்டில், 1985ல் அரை டன்னுக்கு மேல் இருந்த மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997ல் வெறும் 18 கிலோவுக்கு இறங்கியது. காரணம் பயம். சட்டத்தில் தண்டனை குறைந்தபட்சமே 10 ஆண்டு. வாங்க, வைத்திருக்க, கொண்டுபோக என்று தனித்தனி உரிமங்கள், வெவ்வேறு இலாகாக்கள், ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதி. மருந்துக் கடைக்காரர்கள் 'நமக்கெதற்கு வம்பு' என்று அலமாரியைக் காலி செய்துவிட்டார்கள். டாக்டர்களின் ஒரு தலைமுறையே மார்ஃபின் எழுதிப் பழகாமல் படித்து வெளியே வந்தது. சட்டத்தை எழுதியவர்கள் புற்றுநோய் வார்டுப் பக்கம் ஒரு ராத்திரி இருந்து பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். மயக்கவியல் நிபுணர். 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுரேஷ்குமார் முதலானவர்களோடு சேர்ந்து வலி நிவாரண அமைப்பைத் தொடங்கினார். 2003ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பாலியம் இந்தியா வந்தது. அவர்கள் செய்த வேலையில் பாதி வைத்தியம், மீதிப் பாதி கோப்புகளோடு மல்லுக்கட்டுவது. விதிகளை எளிதாக்கச் சொல்லி 1998ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அதை முதலில் செய்துகாட்டிய மாநிலங்களில் கேரளாவும் ஒன்று. 2008ல் வலி நிவாரணத்துக்கென்றே கேரள அரசு கொள்கை வெளியிட்டது. 2014ல் நாடாளுமன்றம் என்.டி.பி.எஸ். சட்டத்தைத் திருத்தி 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்று புது வகையை உண்டாக்கியது. மறுவருடம் மார்ஃபின், கோடீன், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகள் அந்தப் பட்டியலில் ஏறின. நாடு முழுவதும் ஒரே விதி, ஒரே உரிமம். ராஜகோபாலுக்கு 2018ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1985ல் இருந்து 2014 வரை எத்தனை பேர் வலியோடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்குக் கணக்கு யாரிடம் கேட்பது?

நாட்டுக்குள் கதவு திறந்தது. வாசலில்?

வளைகுடாவில் இருக்கும் நண்பர் ஒருவரின் அப்பா திருவனந்தபுரத்தில் சிகிச்சையில் இருந்தார். குணமாகும் கட்டம் தாண்டிவிட்டது. மார்ஃபின் மாத்திரை சாப்பிட்டால் உட்கார்ந்து பேசுவார், சாப்பாட்டுக்குக் குறை சொல்வார், தினத்தந்தி வாசிப்பார். மாத்திரை இல்லை என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. மார்ஃபின் இல்லாமல் அவரால் விமானத்தில் நான்கு மணி நேரம் உட்கார முடியாது. மார்ஃபினோடு போனால் அங்கே இறங்கும்போது என்ன ஆகும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. நண்பர் அந்த நாட்டுச் சுகாதாரத் துறைக்கு இணையத்தில் முன்அனுமதி கேட்டார். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. சீட்டில் மருந்தின் கடைப்பெயர் மட்டும் இருந்தது, தேதியும் இல்லை. டாக்டர் அலுத்துக்கொள்ளாமல் வேறு எழுதிக் கொடுத்தார். நோய் என்ன, மருந்தின் மூலப்பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை நாளைக்கு, கையெழுத்து, பதிவு எண், முத்திரை. இரண்டாவது முறை அனுமதி வந்தது. பெரியவர் 19 நாள் பேத்தியோடு இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

இதற்கு உலகம் முழுக்க ஒரே படிவம் இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். 1961 ஒப்பந்தத்தில் கப்பல், விமான முதலுதவிப் பெட்டிக்கு விதி இருக்கிறது, நோயாளிப் பயணியின் பைக்கு இல்லை. 1971 ஒப்பந்தம், சொந்த உபயோகத்துக்கான சிறு அளவை நாடுகள் அனுமதிக்கலாம் என்கிறது. 'லாம்' தான், 'வேண்டும்' இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் தங்களுக்குள் 30 நாள் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டன. மற்ற இடங்களில் அவரவர் ஊர்ச் சட்டம்.

அதனால்தான் இத்தனை குளறுபடி. ட்ராமடாலை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரர்கள் பலருக்கு எழுதப்படும் மாத்திரை. இந்தியாவில் 2018 ஏப்ரலில்தான் என்.டி.பி.எஸ். பட்டியலுக்குள் வந்தது. எகிப்தில் அதற்கு முன்பே பெரிய குற்றம். 2017 அக்டோபரில் பிரிட்டனில் இருந்து போன ஒரு பெண், அங்கிருந்த துணைவரின் முதுகுவலிக்கு என்று 290 மாத்திரைகளோடு ஹுர்காதா விமான நிலையத்தில் பிடிபட்டு, மூன்று வருடத் தண்டனை பெற்றார். 2015ல் ஜப்பானில் டொயோட்டாவின் வெளிநாட்டு மேலதிகாரி ஒருவர் தபாலில் வந்த ஆக்சிகோடோனுக்காகக் கைதானார். வழக்கு இல்லாமல் விடுதலையானார், ஆனால் வேலை போயிற்று. கம்பெனியின் செல்வாக்கெல்லாம் அந்த இடத்தில் எடுபடவில்லை.

நம் வீடுகளில் இருப்பவையும் சாதுவானவை அல்ல. வயிற்றுப்போக்குக்கு வைத்திருக்கும் லோமோட்டிலில் உள்ள டைஃபினாக்ஸிலேட் 1961 பட்டியலில் இருக்கும் பொருள். சில இருமல் டானிக்குகளில் கோடீன். சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கு நம்மூரில் தாராளமாக எழுதும் ப்ரீகாபலின், அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்பாட்டு மருந்து. தூக்கத்துக்கு என்று பாட்டி பத்து வருஷமாகப் போடும் அல்ப்ரஸோலாமும் டயஸெபாமும் 1971 ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவை. சிங்கப்பூருக்குக் கொண்டுபோக முன்அனுமதி தேவைப்படுபவை. மருந்தே இல்லாத கசகசாவுக்கும் இதே கதி. அமீரகத்துக்குக் குருமா ஆசையில் ஒரு பொட்டலம் கொண்டுபோனாலும் குற்றம்தான், அது அபின் செடியின் விதை என்பதால்.

எனவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, போகிற நாட்டின் சுகாதாரத் துறைப் பக்கத்தில் ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயரையும் போட்டுப் பாருங்கள். மேலே அந்தப் பெரியவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் போல ஒன்று, ஆங்கிலத்தில், கடவுச்சீட்டில் இருக்கும் அதே பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள். (அப்பாவின் முதலெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் இன்னொன்றிலும் இருந்தால் அதற்கு வேறு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.) மெடிக்கல் ஷாப் ரசீதும் இருக்கட்டும். மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும், டப்பாவை இங்கே வந்து நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்கா என்றால் சாதாரண மருந்துகள் 90 நாள் அளவுக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. புறப்படும் அன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொட்டலத்தோடு வருவார். "அங்க என் மருமகனுக்கு இருமலுக்கு, ரெண்டே பாட்டில்தான்." நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாது. மருமகனின் சீட்டு உங்கள் அப்பாவின் பெயரில் இல்லை. அவரிடம் சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அதையும் பிரித்துப் பார்த்துவிட்டு. திரும்பும்போது மிச்சம் இருக்கும் மாத்திரையும் அதே கடிதத்தோடு கைப்பையில்தான் போக வேண்டும். இங்கே யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.