மூன்று தலைமுறையும் ஒரு கடன் பத்திரமும்

காரைக்காலில் வணிகர் குடும்பம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரே ஒரு குடும்பம்தான். தனதத்தன் என்ற பெருவணிகர், அவருடைய ஒரே மகள் புனிதவதி, அவளை மணந்த பரமதத்தன். பரமதத்தன் நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன். மாங்கனிக் கதையை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஆனி மாதந்தோறும் ஊரே திரண்டு அதைக் கொண்டாடுகிறது. சேக்கிழார் சொல்லும் அந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது வேறொரு செய்தி. மனைவியைத் தெய்வமென்று அஞ்சிக் கப்பலேறிய பரமதத்தன் பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணை மணந்தான். பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். வீட்டையும் வாசலையும் விட்டுப் போனவனால் பெயரை விட முடியவில்லை.

வம்சம் என்பது கடைசியில் பெயர்தானே? சிராத்தத்தன்று தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று பேரின் பெயரைச் சொல்லிப் பிண்டம் வைக்கிறோம். நான்காவது பெயரைக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். இந்த மூன்று பெயர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, 1758ஆம் ஆண்டில் இதே காரைக்கால் வழியாக வந்து போன ஓர் ஐரிஷ் வம்சத்தை அளந்து பார்க்கலாம்.

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் கால்வே ஜில்லா. அங்கே டூவம் என்ற ஊருக்கருகில் துல்லினடாலி என்ற கிராமம். லாலி குடும்பத்துக்கு அதுதான் பூர்வீகம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சிம்மாசனத்துக்காக ஒரு மாமனாரும் மருமகனும் சண்டை போட்டார்கள். மாமனார் இரண்டாம் ஜேம்ஸ், கத்தோலிக்கர். மருமகன் வில்லியம், புராட்டஸ்டண்டு. கத்தோலிக்க அயர்லாந்து மாமனார் பக்கம் நின்று தோற்றது. 1691இல் லிமெரிக் உடன்படிக்கை ஏற்பட்டபின் ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார்கள். ‘காட்டு வாத்துகள்’ என்று அவர்களுக்குப் பெயர். பறந்து போன வாத்துகள் திரும்பி வரவில்லை.

ஊரிலேயே தங்கிவிட்ட கத்தோலிக்கர்களின் கதி என்ன? புதிய சட்டங்கள் வந்தன. கத்தோலிக்கன் நிலம் வாங்கக் கூடாது. இருக்கும் நிலமும் மூத்தவன் மதம் மாறினாலன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் துண்டு துண்டாகப் பிரிய வேண்டும். இரண்டு தலைமுறையில் பண்ணையெல்லாம் பாத்தியாகிவிடும். நிலத்தின் கதவைச் சாத்தியவர்கள் வியாபாரத்தின் கதவை முழுவதும் சாத்தவில்லை. ஆகையால் கெட்டிக்காரர்கள் வியாபாரத்தில் இறங்கினார்கள். செயின்ட் மாலோ, நாந்த், போர்தோ, காடிஸ் என்று ஐரோப்பியத் துறைமுகங்களிலெல்லாம் ஐரிஷ் வணிகர்கள் வேரூன்றியது இப்படித்தான்.

அவர்களில் பெரும் பணக்காரர்கள் வால்ஷ் குடும்பத்தார். வாட்டர்போர்டு வணிகர் வழியில் வந்த பிலிப் வால்ஷ் செயின்ட் மாலோவில் குடியேறினான். அவன் மகன் அந்துவான் வால்ஷ் நாந்த் நகரத்தில் கப்பல் முதலாளி. ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கி அமெரிக்கத் தீவுகளில் விற்றுக் குவித்த பணம் அது. நாட்டை இழந்த ஒருவன், பிறரை நாடிழக்கச் செய்து செல்வனானான்!

செல்வம் வந்ததும் பிரபுப் பட்டம் வேண்டியிருந்தது. பிரான்சில் பிரபு என்று சொல்லிக்கொண்டால் போதாது. வம்சாவளிப் பத்திரம் காட்ட வேண்டும். இதற்கென்றே ஜேம்ஸ் டெர்ரி என்ற வம்சாவளி அதிகாரி நாடு கடந்த அரசரோடு கூடவே பிரான்சுக்கு வந்து, அகதிகளுக்குக் குலவரிசை எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். வணிகனுக்குப் பட்டம் வாங்க அந்தப் பத்திரம். காசில்லாத வீரனுக்கு உத்தியோகம் வாங்க அதே பத்திரம். கையில் நிலம் இருந்தவரையில் வம்சத்தைப் பற்றிச் சாட்சி கேட்பாரில்லை. நிலம் போனபின் காகிதம்தான் வம்சம்.

லாலி குடும்பம் வணிகத்துக்குப் போகவில்லை. அது வாளைப் பிடித்தது. ஜெரார்டு லாலி பிரெஞ்சு ராணுவத்தின் ஐரிஷ் பட்டாளத்தில் சேர்ந்து ஒரு பிரெஞ்சு மாதை மணந்தான். 1702 ஜனவரியில் ரோமான் என்ற ஊரில் மகன் பிறந்தான். தாமஸ் ஆர்தர் லாலி என்று பெயர். அவன் துல்லினடாலியில் வாழ்ந்தவனல்லன். ஆயினும் ‘தொலாந்தால் பிரபு’ என்று தன்னை அழைத்துக்கொண்டான். துல்லினடாலி பிரெஞ்சு நாக்கில் புரண்டு தொலாந்தாலாயிற்று. பறிபோன கிராமம் பட்டப் பெயராகப் பிழைத்துக்கொண்டது.

1745இல் இரண்டு குடும்பங்களும் ஒரே காரியத்தில் கை கோத்தன. ஜேம்ஸின் பேரன் சார்லஸ் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சிம்மாசனத்தை மீட்க முயன்றபோது, அவனை ஏற்றிச் சென்றது அந்துவான் வால்ஷின் கப்பல். மறு வருஷம் பால்கர்க் போர்க்களத்தில் அவனருகில் நின்றவன் லாலி. முயற்சி பாழாயிற்று. வால்ஷுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. லாலிக்கு ஆங்கிலேயர் மேலிருந்த பகை இன்னும் முற்றியது.

இந்தப் பகையோடுதான் 1758 ஏப்ரல் 28ஆம் தேதி அவன் புதுச்சேரியில் வந்து இறங்கினான். வயது ஐம்பத்தாறு. தைரியத்தில் குறைவில்லை, பொறுமை மட்டும் கிடையாது. ஜூன் 2ஆம் தேதி கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டை அவன் கையில் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று துடித்தான். ஆனால் கஜானா காலி. பட்டாளத்துக்குச் சம்பளமில்லை. வணிகக் கம்பெனி நடத்தும் ஊரில் சேனாதிபதிக்குச் செலவுப் பணமில்லை!

அப்போதுதான் லவோர் என்ற ஜெஸ்விட் பாதிரியார் ஒரு பழைய கடன் பத்திரத்தை நினைவூட்டினார். 1749இல் சந்தா சாகிப் தஞ்சையை முற்றுகையிட்டபோது பிரதாப சிங் மகாராஜா எழுதிக் கொடுத்த பத்திரம் அது. சந்தா சாகிப் போய்ச் சேர்ந்துவிட்டான். பத்திரம் பிரெஞ்சுக்காரர் பெட்டியில் இருந்தது. தொகை 56 லட்சம் ரூபாய். கத்தி முனையில் எழுதி வாங்கிய கடன்! அதை வசூலிக்கப் போ என்றார்கள். வியாபாரத்தை வெறுத்துப் படையில் சேர்ந்த குலத்தின் பிள்ளை, ஒரு வியாபாரக் கம்பெனியின் வசூல்காரனாகத் தஞ்சைச் சீமைக்குப் புறப்பட்டான்.

வழிச் செலவுக்கோ, வழிச் சோற்றுக்கோ ஏற்பாடில்லை. தேவிக்கோட்டையில் நெல் கிடைத்தது. குத்துவதற்கு உரலும் உலக்கையும் இல்லை. உமியோடு கூடிய நெல்லைப் பார்த்துக்கொண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பட்டினி கிடந்தார்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளை யாரையாவது கேட்டிருந்தால் யுத்தத்துக்கு முன் உலக்கை வேண்டுமென்று சொல்லியிருப்பாள். காரைக்காலை அடைந்த பிறகுதான் வயிறார உண்டார்கள். 1739 முதல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. புதுச்சேரிக்குச் சோறு போட்ட ஊர் அது.

காரைக்காலிலிருந்து நாகூர். அங்கிருந்த வியாபாரிகள் சரக்குகளை முன்னதாகவே அப்புறப்படுத்தியிருந்தார்கள். ஊரைச் சூறையாடும் உரிமையை லாலி தன் குதிரைப்படைத் தலைவனுக்கு 2 லட்சம் ரூபாய்க்குக் குத்தகை விட்டான். மீன் பிடிக்கக் குளத்தைக் குத்தகை விடுவதுபோல! பிறகு கீவளூர். கோவிலில் புதையல் இருக்கிறதென்ற வதந்தியை நம்பி வீடுகளைக் குடைந்தார்கள், குளத்தைத் துழாவினார்கள். அகப்பட்டவை பித்தளை விக்கிரகங்கள்தாம். கோவிலைச் சேர்ந்த பிராமணர்கள் சிலர் படையின் முகாமருகே நடமாடினார்கள். ஒற்றர்கள் என்று தீர்மானித்து, அவர்களில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுடச் செய்தான் லாலி.

தஞ்சையில் பிரதாப சிங் பேச்சை இழுத்தடித்தார். திருச்சியிலிருந்து ஆங்கிலேயர் உதவி அனுப்பினார்கள். ஆகஸ்ட் 3ஆம் தேதி இந்தக் கரையோரக் கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலக் கப்பல்களிடம் அடிபட்டன. காரைக்காலுக்கே ஆபத்து என்ற செய்தி முகாமுக்கு வந்தது. மருந்தும் குண்டும் தீர்ந்துகொண்டிருந்தன. முற்றுகை கலைந்தது. பசியோடும் பின்தொடரும் மராட்டியக் குதிரைகளோடும் படை காரைக்காலுக்குத் திரும்பியபோது, ஆற்று முகத்துக்கெதிரே ஆங்கிலக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. பத்திரத்தின் தொகை பத்திரத்திலேயே தங்கிவிட்டது.

மற்றவை பள்ளிக்கூடச் சரித்திரத்தில் உள்ளவை. சென்னை முற்றுகை பலிக்கவில்லை. 1760 ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் லாலி தோற்றான். அவனை வென்ற அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவன்தான். ஆனால் ஜெயித்த கட்சியைச் சேர்ந்த குடும்பம். லிமெரிக்கில் தொடங்கிய வழக்கு வந்தவாசியில் மறுபடியும் அதே தீர்ப்பைப் பெற்றது. அந்த ஏப்ரலில் காரைக்கால் விழுந்தது. 1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரியும் விழுந்தது.

லண்டனில் கைதியாக இருந்த லாலி, பிரான்சில் தன்னைத் துரோகி என்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு பாரிஸுக்குப் போனான். பாஸ்டில் சிறை வாய் திறந்திருந்தது. லவோர் பாதிரியார் இறந்தபின் அவர் பெட்டியில் இரண்டு குறிப்புகள் இருந்தனவாம். ஒன்று லாலியைப் புகழ்ந்தது, மற்றொன்று இகழ்ந்தது. வெளியே வந்தது இகழ்ந்ததுதான் என்று வால்டேர் எழுதுகிறார். 1766 மே 9ஆம் தேதி, பேச முடியாதபடி வாயைக் கட்டி, குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் லாலியின் தலையை வெட்டினார்கள்.

அதற்கு முதல் நாள், பாரிஸில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு ரகசியம் சொல்லப்பட்டது. அவனுடைய தகப்பன் லாலி! முறைப்படி மணம் செய்துகொள்ளாத பெண்ணிடம் பிறந்து, தாய் தந்தை பெயரறியாமல் வளர்ந்தவன் திரோபிம் ஜெரார்டு. தகப்பன் பெயர் கிடைத்தது ஒரு நாள்; தகப்பன் போனது மறுநாள். பன்னிரண்டு வருஷம் அந்தப் பையன் ஓயவில்லை. வால்டேர் துணை நின்றார். 1778 மே மாதம் பதினாறாம் லூயியின் சபை தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. மரணப் படுக்கையிலிருந்த வால்டேர் செய்தி கேட்டு மகிழ்ந்து கடிதம் எழுதிவிட்டுச் சில நாட்களில் கண் மூடினார்.

ஆனால் நீதிமன்றங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. புதுச்சேரியின் முன்னாள் கவர்னர் லெய்ரியின் மருமான், புதுச்சேரியிலேயே பிறந்தவன், தன் குடும்ப மானத்துக்காக எதிர்வழக்காடினான். குற்றமற்றவன் என்று எந்த நீதிபதியும் முடிவாகச் சொல்லவில்லை. திரோபிம் ஜெரார்டு பிற்காலத்தில் பிரபு சபையிலும் பிரெஞ்சு அகாதமியிலும் அமர்ந்தான். 1830இல் இறந்தான். ஆண் வாரிசு இல்லை. ஜெரார்டு, தாமஸ் ஆர்தர், திரோபிம் ஜெரார்டு; சரியாக மூன்று பெயர்.

தகப்பன் பேரில் விழுந்த களங்கத்தைத் துடைக்கப் பாரிஸின் கதவைத் தட்டிய முதல் பிள்ளை இவனல்லன். ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒரு தமிழ்ப் பிள்ளை அதைச் செய்திருக்கிறான். புதுச்சேரிக் கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்ப பிள்ளை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கருடைய தகப்பனார் திருவேங்கடம் பிள்ளைக்கு மைத்துனர். ஜெஸ்விட்டுகளின் தூண்டுதலால் 1716இல் கவர்னர் எபேர் அவர் மீது குற்றம் சாட்டி, கசையடி கொடுத்து, சொத்தைப் பறித்துச் சிறையிலடைத்தான். அங்கேயே மறு வருஷம் இறந்தார். அவர் மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்குப் போனார். தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. கிறிஸ்தவராகி, ஷெவாலியே பட்டத்தோடு திரும்பி, தகப்பனார் வகித்த அதே பதவியில் அமர்ந்தார். குலாசாரத்தை விட்டாவது குலத்தின் பெயரை மீட்டார்.

இப்படிப் பார்த்தால் லாலியின் வம்சம் தோற்றுவிடவில்லை. புதுச்சேரியில் இன்றும் அவன் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. வால்ஷின் கப்பல்கள் எங்கே, பட்டம் எங்கே என்று கேட்பவர் இல்லை. தலையிழந்த லாலிக்காக மகன் எழுதினான், வால்டேர் எழுதினார், உலகம் படித்தது.

கீவளூரின் ஆறு பேர்? அந்த யுத்தத்தின் சரித்திரத்தை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம் எண்ணிக்கையைச் சொல்கிறார், பெயர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் பாரிஸுக்குப் போகவில்லை. எந்த மன்றத்திலும் மனுப் போடவில்லை. வருஷா வருஷம் திதியன்று எள்ளும் தண்ணீரும் இறைத்து ஒரு பெயரைச் சொல்லியிருப்பார்கள். பிறகு அந்தப் பெயர் பாட்டனாராகி, முப்பாட்டனாராகி, நான்காம் தலைமுறையில் உதிர்ந்து போயிருக்கும். லாலிக்கு நடந்தது அநீதி என்று வாதாடிய ஏடுகள் மலைபோல் கிடக்கின்றன. லாலி செய்த அநீதிக்கு ஆறு என்ற ஓர் எண்தான் மிச்சம்.