மாற்றுச் சேலை

புனே நகரிலே, 1868-ஆம் ஆண்டு, சோதிராவ் புலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர் என்று தள்ளிவைக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். தண்ணீர் தருவதும் ஒரு சாதனையா என்று கேட்கத் தோன்றும், தோழர்களே! தாகம் தீர்ப்பதே தீட்டு என்றிருந்த காலம் அது.

அவருடைய துணைவியார் சாவித்திரிபாய் பட்டது அதனினும் பெரிது. 1848-இல் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக அவர் நடந்து செல்கையில், சேற்றையும் சாணத்தையும் வாரி வீசினர், சாத்திரம் காக்கப் புறப்பட்ட சான்றோர்! அம்மையார் நின்றுவிடவில்லை. மாற்றுச் சேலை ஒன்றை உடன் எடுத்துச் சென்றார். பள்ளியிலே உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார். மாலையில் திரும்பும்போது அழுக்குச் சேலையையே மீண்டும் கட்டிக்கொண்டாராம். வீரம் என்றால் வாளை மட்டுமே நினைப்போர் இந்தச் சேலையையும் சற்று நினைக்கட்டும்.

கருவுற்று ஊராரின் தூற்றலுக்கு அஞ்சிய கைம்பெண்களுக்கு 1863-இல் இருவரும் தம் வீட்டிலேயே இடம் தந்தனர். தம்மைத் தூற்றிய பார்ப்பனர் குலத்துக் கைம்பெண் ஒருத்தியின் மகனைத் தம் மகனாகவே வளர்த்தனர். யசுவந்த் என்ற அந்தப் பிள்ளை மருத்துவரானார்.

1890-இல் புலே மறைந்தார். 1897-இல் புனேயைப் பிளேக் சூழ்ந்தது. தாயும் மகனும் நோயாளிகளுக்குப் பணி செய்தனர். நோயுற்ற மகர் வகுப்புச் சிறுவன் ஒருவனை முதுகிலே சுமந்து சென்றார், அறுபத்தாறு வயது அம்மையார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10-ஆம் நாள் உயிர் துறந்தார்.