கம்ஆ: மழை தந்த மன்னும் குப்பியில் அடைத்த மணமும்

வளைகுடாப் பெருநகரங்களின் உயர்தர உணவகங்களில் விருந்துண்டவர்கள் ஓர் உணவை அறிந்திருக்கக்கூடும். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயும் பாலும் சேர்த்துப் பட்டுப்போல் குழைத்து, அதன்மேல் சில துளி ட்ரஃபிள் எண்ணெய் விட்டுப் பரிமாறுவார்கள். ட்ரஃபிள் என்பது நிலத்தடியில் விளையும் ஒருவகைக் காளான். ஐரோப்பியச் செல்வர்களின் உணவு என்றே இன்று உலகம் அதை அறிகிறது. அதன் பாலைநில உறவினமாகிய கம்ஆவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் சொல்லிச் சிறப்பித்திருக்கிறார்கள் என்பதை, அந்த மசியலை உண்ணும் முஸ்லிம்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? அந்தக் குப்பியில் இருக்கும் எண்ணெய்க்கும் ட்ரஃபிளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பது அதனினும் முக்கியமான வினா. இவ்விரண்டையும் சேர்த்தே இக்கட்டுரை ஆராய்கிறது.

கம்ஆ என்பது எது?

நம் தமிழ் ஹதீஸ் மொழிபெயர்ப்புகளில் கம்ஆ என்ற சொல் பெரும்பாலும் காளான் என்றே இடம்பெறுகிறது. அது பிழையன்று, ஆயினும் போதுமானதன்று. காளான் என்றதும் நம் மனத்தில் எழுவது மழைக்குப்பின் வரப்போரங்களில் குடை விரிக்கும் வெண்ணிறக் காளான். கம்ஆவுக்குத் தண்டும் இல்லை, குடையும் இல்லை. மணலுக்குள்ளேயே உருண்டு திரண்டு கிடக்கும். தோற்றத்தில் சிறிய உருளைக்கிழங்கை ஒத்திருக்கும். அரபு மொழியில் இச்சொல்லின் வேர் மறைத்தல் என்னும் பொருளோடு தொடர்புடையது என மொழியறிஞர்கள் கூறுவர். ஒருமைக்குக் கம்உ என்றும் பன்மைக்குக் கம்ஆ என்றும் வழங்குவதால், வழக்கமான இலக்கணத்துக்கு மாறாக இறுதி எழுத்து பன்மையைக் குறிக்கும் அரிய சொல் இது என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுவர். குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் ஃபக்உ என்றும், வட ஆப்பிரிக்காவில் திர்ஃபாஸ் என்றும் இதனை அழைப்பர். தாவரவியலார் இதன் ஒரு பேரினத்துக்குச் சூட்டிய டெர்ஃபீசியா என்னும் பெயர் இந்த வட ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே.

இதன் வரலாறு இஸ்லாமிய வரலாற்றினும் மிகப் பழமையானது. யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த மாரி நகர அரண்மனையின் களிமண் ஓலைகளில், கி.மு. 18ஆம் நூற்றாண்டிலேயே, மன்னருக்கு அனுப்பப்பட்ட கம்ஆவைப் பற்றிய கடிதங்கள் உள்ளன. அங்கும் இதன் பெயர் ஏறத்தாழ இதே ஒலியுடையதுதான். உரோமானியர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நிலத்தடிக் காளானைப் பெரிதும் விரும்பினர். கி.பி. முதல் நூற்றாண்டின் பிளினி ஒரு செய்தி சொல்கிறார். ஸ்பெயினில் பதவி வகித்த உரோம அதிகாரி ஒருவர் இத்தகைய காளானைக் கடித்தபோது, உள்ளே இருந்த வெள்ளிக்காசு அவருடைய முன்பற்களை வளைத்துவிட்டதாம். மண்ணே திரண்டு இப்படி உருவாகிறது என்பதற்குப் பிளினி இதனைச் சான்றாகக் கொண்டார். விதையின்றி, வேரின்றி, இலையின்றி ஓர் உணவு எப்படி விளைகிறது என்பது முன்னோர்க்கு விளங்காப் புதிராகவே இருந்தது.

நிலத்தின் அம்மையும் இறைவனின் மன்னும்

இப்பின்னணியில்தான் நபிமொழியைக் கற்க வேண்டும். சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மரில் ஒருவரான ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் பதிவாகியுள்ளது. கம்ஆ மன்னு வகையைச் சேர்ந்தது என்றும், அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இமாம் புகாரி (ரஹ்) இதனை மருத்துவப் பகுதியில் மட்டுமன்றி, பகரா அத்தியாயத்தின் விரிவுரையிலும் சேர்த்திருப்பது கருதத்தக்கது. இஸ்ரவேலர்களுக்கு மன்னும் ஸல்வாவும் இறக்கப்பட்டதைக் கூறும் 57ஆம் வசனத்தோடு இது இணைத்துக் காட்டப்படுகிறது.

திர்மிதீயில் அபூஹுரைரா (ரலி) வழியாக வரும் அறிவிப்பு இன்னொரு செய்தியைத் தருகிறது. நபித்தோழர்களில் சிலர் கம்ஆவை நிலத்துக்கு வந்த அம்மை என்று குறிப்பிட்டனர். மண்ணின் மேற்பரப்பு ஆங்காங்கே புடைத்து வெடித்திருப்பதைக் கண்டவர்களுக்கு அந்த உவமையின் பொருத்தம் புரியும். அதனைச் செவியுற்றபோதுதான் நபி (ஸல்) அவர்கள் அது மன்னு வகையைச் சேர்ந்தது என்றார்கள். மக்கள் நோயின் பெயரால் சுட்டியதை நபியவர்கள் அருட்கொடையின் பெயரால் அழைத்தார்கள்.

மன்னு என்பதன் பொருள் என்ன? இப்னுல் கய்யிம் (ரஹ், மறைவு ஹி. 751 / கி.பி. 1350) ஸாதுல் மஆதில் இதனை விரிவாக ஆராய்கிறார். உழவும் விதைப்பும் நீர்ப்பாய்ச்சலும் இன்றி, அடியானின் உழைப்பு கலவாமல் இறைவன் வழங்கும் உணவு எதுவோ அதற்கெல்லாம் இச்சொல் பொருந்தும் என்பது அவர் எடுத்துரைக்கும் விளக்கங்களுள் ஒன்று. அதன்படி, கம்ஆ வானிலிருந்து விழுந்த பொருள் என்பதல்ல கருத்து. கொடையின் தன்மையில் இரண்டும் ஒன்று என்பதே கருத்து. அரபுகள் இதனை இடியின் செடி என்றும் அழைத்தனர் என அவர் குறிப்பிடுகிறார். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற நம் ஊர் வழக்கு இங்கு நினைவுக்கு வரும்.

இன்றைய அறிவியல் இப்புதிரைப் பெருமளவு அவிழ்த்திருக்கிறது. ரக்ரூக் என்று அரபுகள் அழைக்கும் ஹீலியாந்திமம் இனச் சிறுசெடியின் வேரோடு இக்காளான் கூடி வாழ்கிறது. செடிக்கு நீரையும் தாதுச் சத்துகளையும் திரட்டித் தந்து, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரைச் சத்தைப் பெறுகிறது. இலையுதிர்காலத்தில் வஸ்ம் எனப்படும் முதல் மழை உரிய நேரத்தில் பெய்தால் குளிர்காலத்தின் பிற்பகுதியில் விளைச்சல் கிட்டும். பெய்யாவிட்டால் அந்த ஆண்டு ஒன்றுமில்லை. அனுபவமுள்ள பதவிகள் ரக்ரூக் செடியையும், அதன் அருகே மணலில் தோன்றும் வெடிப்பையும் கண்டு கையாலோ சிறு கோலாலோ தோண்டி எடுப்பர். ஐரோப்பிய ட்ரஃபிளைத் தேட முற்காலத்தில் பன்றியையும் பின்னர் நாயையும் பழக்கியதுபோல் இங்கே விலங்கின் துணை தேவைப்படவில்லை. ஸ்பெயினின் முர்சியா பகுதியில் 1999இல் செடியின் வேரில் காளானை ஏற்றி நட்டு, 2001இல் முதல் விளைச்சல் கண்டனர். ஆயினும் பாலையில் விளைவதன் பெரும்பகுதி இன்றும் மழையின் கொடையே.

சட்டியும் கண்மருந்தும்

கம்ஆவின் நீரைக் கண்ணுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பிற மருந்துகளோடு கலந்தே இட வேண்டும் என்றனர் சிலர். தனியாகவே பயன் தரும் என்றனர் சிலர். முஸ்லிமின் விரிவுரையாளர் இமாம் நவவி (ரஹ், மறைவு ஹி. 676 / கி.பி. 1277), தம் காலத்தில் பார்வையிழந்த ஒருவர் தனிநீரை இட்டுக் குணமடைந்ததைத் தாமே கண்டதாக எழுதுகிறார். 2004இல் ஜோர்தான் ஆய்வாளர்கள், டெர்ஃபீசியா வகையொன்றின் நீர்ச்சாறு ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக்கூடத்தில் தடுப்பதாக வெளியிட்டனர். இது சோதனைக்கூட முடிவே. வீட்டில் பிழிந்த சாற்றைக் கண்ணில் இடுவதற்கான அனுமதியாக இதனைக் கொள்ளலாகாது.

அரபுச் சமையற்கலையிலும் கம்ஆ நெடுங்காலமாக உண்டு. பத்தாம் நூற்றாண்டு பாக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த கிதாபுத் தபீக் என்னும் சமையல் நூலில், கலீபாக்களின் உணவுகளிடையே கம்ஆவும் இடம்பெறுகிறது. பதவியின் கூடாரத்துப் பஞ்ச உணவு அப்பாஸிய அரண்மனையின் விரும்பத்தக்க உணவாகவும் விளங்கியது. இப்னுல் கய்யிம் இதன் குறையையும் மறைக்கவில்லை. இது எளிதில் செரிக்காது. ஆகவே உப்பும் ஸஃதர் இலையும் சேர்த்து நீரில் வேகவைத்து, எண்ணெயோடும் வெப்பத்தன்மையுள்ள மசாலாக்களோடும் உண்ண வேண்டும் என்கிறார். கம்ஆவின்மேல் எண்ணெய் ஊற்றி உண்ட காலம் அது.

காளானின் பெயரைப் பெற்ற கிழங்கு

அந்த மசியலின் மற்றொரு பாதியாகிய உருளைக்கிழங்குக்கும் ட்ரஃபிளுக்கும் பெயரளவில் ஒரு பழைய உறவு உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக உருளைக்கிழங்கு ஐரோப்பாவை அடைந்தது. மண்ணுக்குள் உருண்டு கிடந்த இப்புதிய பொருளைக் கண்ட இத்தாலியர், தாம் ஏற்கெனவே அறிந்த நிலத்தடிக் காளானின் பெயரையே அதற்கும் சூட்டினர். தாவரவியலார் குளூசியஸ் 1588இல் வியன்னாவில் இக்கிழங்கைப் பெற்றபோது, அதன் வண்ண ஓவியத்தில் தாரத்தூஃப்லி என்றே எழுதப்பட்டது. சிறு ட்ரஃபிள் என்பது அதன் பொருள். ஜெர்மானியர் இன்றும் வழங்கும் கார்டோஃபெல் என்ற சொல் அதன் திரிபே.

பெயர் கிடைத்தும் மதிப்பு உடனே கிடைக்கவில்லை. பிரான்சில் 1748இல் நீதிமன்றம் இதன் பயிரிடலைத் தடைசெய்தது. ஏழாண்டுப் போரில் பிரஷ்யச் சிறையில் கிழங்குண்டு உயிர் வாழ்ந்த மருந்தாளர் பர்மான்தியே, அதன் நன்மையை நாட்டுக்கு எடுத்துரைத்தார். 1772இல் பாரிஸ் மருத்துவப் பேரவை இதனை உண்ணத்தக்கது என அறிவித்தது. அதே பாரிஸில் 1980களில் ஜோயல் ரோபுஷோன் என்னும் சமையற்கலைஞர் மசித்த கிழங்கையே தம் புகழுக்கு அடையாளமாக்கினார். ஒரு கிலோ ராத் வகைச் சிறுகிழங்கைத் தோலோடு உப்புநீரில் வேகவைத்து, சூடு ஆறுமுன் உரித்து, சல்லடை ஆலையில் இட்டு மசிப்பார். அடுப்பில் கிளறி ஈரத்தை வற்றச் செய்தபின், 250 கிராம் குளிர்ந்த வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இறுதியில் கொதிக்கும் பாலை ஊற்றிக் குழைப்பார். மின் அரவையில் இட்டால் மாவுச்சத்து சிதைந்து பசையாகிவிடும் என்பதால் கைப்பக்குவமே சிறந்தது. ஏழையின் கிழங்கு செல்வரின் தட்டை அடைந்த கதை இது. கொழுப்பு மணத்தைப் பற்றிக்கொள்ளும் என்பதால், இம்மசியலின்மேல் ட்ரஃபிளைச் சீவித் தூவுவது இயல்பான இணைப்பாயிற்று.

மணம் மட்டும்

ட்ரஃபிள் அரிது, விலை மிகுந்தது, சில நாட்களில் மணமிழப்பது. இத்தாலியின் வெள்ளை ட்ரஃபிளுடைய மணத்தின் முதன்மைக் கூறு கந்தகச் சேர்மம் ஒன்று என 1967இல் வேதியியலார் கண்டறிந்தனர். 2,4-டைதயாபென்டேன் என்பது அதன் பெயர். தொழிற்கூடத்தில் அதனை மலிவாகச் செய்ய முடிந்தது. ஆலிவ் எண்ணெயில் அதனைச் சிறிது கலந்தால் ட்ரஃபிள் எண்ணெய் ஆகிவிடுகிறது. கடைகளில் விற்கும் இவ்வெண்ணெயில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. குப்பிக்குள் காளான் துண்டு ஒன்று மிதந்தாலும் மணம் பெரும்பாலும் அதிலிருந்து வருவதில்லை. டேனியல் பாட்டர்சன் என்னும் கலிபோர்னியச் சமையற்கலைஞர் 2007இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதனை வெளிப்படையாக எழுதியபோது, பல ஆண்டுகள் அதனைப் பயன்படுத்திய சமையற்காரர்களே வியப்படைந்தனர்.

செயற்கை மணம் என்பதாலேயே ஒரு பொருள் விலக்கப்பட்டதாகிவிடாது. பன்னீர் மணமும் ஏலக்காய் மணமும் செயற்கையாகச் சேர்க்கப்பட்ட இனிப்புகளை நாம் உண்கிறோம். வினா வேறு: இல்லாததை இருப்பதாகக் காட்டி விலை பெறலாமா? முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி ஒன்று நாம் அனைவரும் அறிந்ததே. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையால் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று; ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். எண்ணெய்க் குப்பியையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். செயற்கை மணமூட்டி என்பதை வாங்குபவர் பார்க்கும் இடத்தில் தெளிவாக எழுதி, அதற்குரிய விலைக்கு விற்றால் குறை சொல்ல இடமில்லை. ட்ரஃபிள் என்ற பெயரைப் பெரிதாகவும் உண்மையைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டால், நனைந்த தானியம் மீண்டும் குவியலின் அடிக்குப் போய்விடுகிறது.

மன்னின் விலை

மறுபுறம், உண்மையான கம்ஆவைத் தேடும் எளியவர்களின் நிலையையும் மறத்தலாகாது. உரிமையாளரற்ற நிலத்தில் தானே விளைவது எடுப்பவருக்குரியது என்பது ஃபிக்ஹின் பொதுநெறி. அதனால்தான் வறியவர்கள் ஆண்டுதோறும் அதனை நம்பிப் பாலைக்குச் செல்கின்றனர். சிரியாவின் உள்நாட்டுப் போர் அப்பாலையைக் கண்ணிவெடிகளால் நிரப்பிற்று. 2023 பிப்ரவரி 17 அன்று, ஹும்ஸ் மாகாணத்தின் ஸுக்னா அருகே கம்ஆ சேகரித்துக்கொண்டிருந்தவர்கள்மீது நடந்த தாக்குதலில் குறைந்தது 53 பேர் கொல்லப்பட்டதாக அந்நாட்டு அரசு ஊடகம் தெரிவித்தது. அபாயத்தை அறிந்தே அவர்கள் சென்றனர். ஒரு பருவத்தின் விளைச்சல் ஒரு குடும்பத்தின் பல மாத உணவு.

உழைப்பின்றிக் கிடைக்கும் கொடை என்று நம் அறிஞர்கள் விளக்கிய பொருளை எடுக்க ஒரு சாரார் உயிரைப் பணயம் வைக்கின்றனர். அக்கொடை எதுவும் இல்லாமலே அதனையொத்த பொருளின் பெயரை வேறொரு சாரார் விலைக்கு விற்கின்றனர். இவ்விரண்டுக்கும் மழை காரணமன்று. உருளைக்கிழங்கு மசியலை விரும்புவோர் தாராளமாகச் சமைத்து உண்ணலாம். கம்ஆ கிடைக்கும் நாட்டில் வாழ்வோர், மணல் போகப் பலமுறை கழுவித் தோல் சீவி, வேகவைத்து நெய்யில் வதக்கி அதன்மேல் வைத்து உண்ணலாம். எண்ணெய் வாங்குவோர் குப்பியின் பின்புறத்தையும் ஒருமுறை படிக்கட்டும். ஹதீஸில் காளான் என்ற சொல்லைக் காணும்போது, மணலுக்குள் மறைந்து கிடந்து மழைக்குப்பின் மண்ணை வெடிக்கச் செய்யும் அந்த உருண்டையை நாம் நினைவில் கொள்வோமாக. அதனை நிலத்தின் அம்மை என்று கூறியவர்களுக்கு, அது மன்னு என்று நபி (ஸல்) அவர்கள் திருத்திச் சொன்னார்கள். பொருளுக்கு அதன் உண்மைப் பெயரைச் சொல்லும் கடமை விற்பவருக்கும் உண்டு.