மணல் தெள்ளு நோய்

மணல் தெள்ளு நோய் அல்லது துங்கியாசிஸ் என்பது, துங்கா பெனட்ரான்ஸ் என்னும் தெள்ளுப்பூச்சி இனத்தின் பெண் பூச்சி, மனிதர் அல்லது விலங்குகளின் தோலைத் துளைத்து உட்புகுவதால் ஏற்படும் ஒட்டுண்ணி நோயாகும். தென் அமெரிக்கா, கரிபியன் தீவுகள், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் வறிய மக்களிடையே இது காணப்படுகிறது. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளில் இப்பூச்சி ஜிக்கர் என அழைக்கப்படுகிறது.

வாழ்க்கை வட்டம்

தெள்ளு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுடையது. பெண் பூச்சி பெரும்பாலும் கால்விரல், நக ஓரம், குதிகால் ஆகிய இடங்களில் புகுந்து குருதியை உறிஞ்சுகிறது. ஓரிரு வாரங்களில் அதன் வயிறு பட்டாணி அளவுக்குப் பருக்கிறது. உடலின் பின்முனை மட்டும் ஒரு சிறு துளை வழியே வெளியே தெரியும். மூச்சுவிடுதல், கழிவகற்றல், முட்டையிடுதல் அனைத்தும் அத்துளை வழியாகவே நிகழ்கின்றன. நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டபின், 4 முதல் 6 வாரங்களில் பூச்சி தோலுக்குள்ளேயே இறந்துவிடுகிறது. மண்ணில் விழும் முட்டைகள் புழுக்களாகி, கூட்டுப்புழுப் பருவம் கடந்து, புதிய தெள்ளுகளாகின்றன.

பரவல்

இப்பூச்சியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1872-ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து அங்கோலாவுக்குச் சென்ற தாமஸ் மிட்செல் என்னும் கப்பலில், எடைக்காக ஏற்றப்பட்டிருந்த மணலுடன் இது ஆப்பிரிக்காவை அடைந்ததாகக் கருதப்படுகிறது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கிழக்குக் கரை வரை பரவியது.

விளைவுகள்

அரிப்பு, வலி, வீக்கம், நகம் உதிர்தல், நடக்க இயலாமை ஆகியவை ஏற்படும். புண் வழியே பாக்டீரியாக்கள் நுழைந்தால் சீழ்ப்புண், தசையழுகல், இசிவு நோய் ஆகியவையும் உண்டாகலாம். இரவு அரிப்பு சிறுவர்களின் உறக்கத்தைக் கெடுக்கிறது. ஏளனத்துக்கு அஞ்சிச் சிலர் பள்ளியைத் தவிர்க்கின்றனர்.

வறுமையுடன் தொடர்பு

இந்நோய் தூய்மைக் குறைவால் மட்டும் வருவதன்று. புழுக்கள் வீட்டினுள் உள்ள உலர்ந்த மண்தரையிலேயே வளர வல்லவை. எனவே அத்தரையில் உறங்குவோர், காலணி இல்லாதோர், கால் கழுவப் போதிய நீர் கிடைக்காதோர் மீண்டும் மீண்டும் பாதிக்கப்படுகின்றனர். பன்றி, நாய், எலி முதலிய விலங்குகளும் ஒட்டுண்ணியைத் தாங்குகின்றன.

சிகிச்சையும் தடுப்பும்

பலர் ஊசி அல்லது முள்ளால் பூச்சியைத் தோண்டி எடுக்கின்றனர். பூச்சி உள்ளேயே சிதைந்தால் அழற்சி மிகும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால், குருதிவழிப் பரவும் ஈரல் அழற்சி, எச்.ஐ.வி. ஆகியவை தொற்றும் ஆபத்தும் உண்டு. டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன் எண்ணெயைத் தடவினால், அது பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைத்துக் கொல்கிறது.

எனினும் தரை மாறாத வீட்டில் நோய் திரும்பும். காரைத்தரை, காலணி, கால்நடைகளைத் தனியே அடைத்தல், பூச்சிக்கொல்லி தெளித்தல் ஆகியவை முக்கியத் தடுப்பு முறைகளாகும். 2017-இல் உலக சுகாதார அமைப்பு, சொறிசிரங்குடன் பிற புற ஒட்டுண்ணி நோய்களையும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மணல் தெள்ளு நோயும் அவற்றுள் அடங்கும்.