இலங்கைக் கொறிவிலங்குகளின் பரவல்: உயரமும் வாழிடமும்

1. வரையறை

ஓர் இனம் கடல்மட்டத்துக்கு மேல் எந்த உயரம் தொடங்கி எந்த உயரம் வரை காணப்படுகிறதோ, அந்த இடைவெளியை அதன் ‘உயரவீச்சு’ என்போம். அவ்வீச்சுக்குள் அது இரைதேடி, ஒளிந்து, குட்டி ஈன்று வாழும் நிலம் ‘வாழிடம்’. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் குழப்பம் நேர்கிறது.

2. வகை

உயரவீச்சு நோக்கித் தாழ்நிலத்தன, மலையகத்தன, பொதுவின என மூன்றாகப் பகுக்கலாம். வறண்ட வலயத்தில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி முதல் வகை. வீட்டெலி பொதுவினம், கரையோரம் முதல் நுவரெலியா வரை மனிதக் குடியிருப்பைத் தொடர்ந்து செல்வது.

நம் கவனத்துக்கு உரியவை மலையகத்தன. ஒகிய எலியை 1929இலும் நில்லு எலியை 1932இலும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ், தொழிலால் தோட்டத்துரை. இரண்டும் இலங்கைக்கே உரியவை. ஒகிய எலிக்கெனத் தனிப் பேரினமே 1981இல் வகுக்கப்பட்டது. அதில் வேறு இனம் இல்லை.

3. காரணம்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். குளிரும் காற்றும் மூடுபனியும் மரங்களைக் குட்டையாக்குகின்றன. பாசியும் அடர்ந்த கீழ்ச்செடிகளும் மிகுகின்றன. மறைவிடமும் இரையும் இவற்றால் மாறுகின்றன. ஆகவே உயரம் சேய்மைக் காரணம். வாழிடமே அண்மைக் காரணம். ஹோர்ட்டன் சமவெளியில் காடும் புல்வெளியும் ஒரே உயரத்தில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எனினும் ஒகிய எலி காட்டையே சார்ந்தது.

4. வாழிட மாற்றம்: கோப்பி எலி

19ஆம் நூற்றாண்டில் மலைக்காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிட்டனர். குறிஞ்சியின் உறவான நில்லுச் செடி அக்காடுகளில் பல்லாண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடிவது. அதன் முற்றிய விதை கிடைக்காதபோது கோப்பி எலிகள் திரளாகத் தோட்டங்களில் புகுந்து இளங்கிளைகளைக் கடித்துத் தள்ளின என்று, இலங்கையில் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனென்ட் 1861இல் எழுதினார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அவ்வெலிகளை எண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்டதையும் அவர் குறிக்கிறார். தோட்டத்துரைக்கு நட்டம், தொழிலாளிக்கு உணவு.

இங்கே நிகழ்வுகளின் வரிசை கருதத்தக்கது. முதலில் காடு சுருங்கியது. அடுத்து அதன் விளிம்பில் பயிர் வந்தது. நில்லு பொய்த்த பருவத்தில் எலி இடம்பெயர்ந்தது. மலையின் உயரம் அப்படியே இருக்க, எலியின் இருப்பிடம் மாறிற்று. எனவே எலியைப் பிடித்த இடத்தின் உயரத்தோடு செடிவகை, நிலமூடல், பூக்கும் பருவம் மூன்றையும் களப்பணியாளர் குறித்துவைக்க வேண்டுகிறோம்.